கொரோனா முற்றி ஐசியூவுக்கு வருபவரிடம் என்னென்ன தெரியும்? முதலில் நாளைக் கணக்கிடுங்கள்

கேள்வி இதுதான்: கொரோனா தீவிரமாகி ஐசியூவில் சேர்க்கப்படுபவர்களிடம் என்னென்ன மருத்துவ அடையாளங்கள் தெரியும்? மற்ற நிமோனியாக்களிலிருந்து இது எந்த வகையில் மாறுபடுகிறது?

காய்ச்சல், இருமல், உடல்வலி, வாசனை தெரியாமை என்று பட்டியல் போட்டால் இதற்குப் பதில் கிடைக்காது. அவை எல்லாம் வீட்டிலேயே குணமாகிறவருக்கும் இருக்கும். காய்ச்சலின் உயரமும் நோயின் தீவிரமும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஐசியூ நோயாளியைப் புரிந்துகொள்ள முதலில் கேட்கவேண்டியது, "முதல் அறிகுறி தோன்றி இன்று எத்தனையாவது நாள்?" என்பதுதான். இந்த நோய்க்கு ஒரு நாட்காட்டி உண்டு. எந்த நாளில் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்தவர் மானிட்டரில் ஓடும் எண்களைச் சரியாகப் படிப்பார். தெரியாதவர் ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகப் பதறுவார், அல்லது பதறவேண்டிய எண்ணைக் கோட்டைவிடுவார்.

பொதுவான போக்கு இது. முதல் 5 நாட்கள் காய்ச்சல், இருமல், சோர்வு. 5 முதல் 8ஆம் நாளுக்குள் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. 8 முதல் 12ஆம் நாளுக்குள் ஏஆர்டிஎஸ், அதாவது நுரையீரல் முழுக்க அழற்சி பரவி ஆக்சிஜன் ரத்தத்தில் ஏற மறுக்கும் நிலை. ஐசியூ சேர்க்கை பெரும்பாலும் இந்த இரண்டாம் வாரத்தில்தான் நடக்கிறது. முதல் வாரத்தில் வைரஸ் பெருகுகிறது. இரண்டாம் வாரத்தில் வைரஸ் குறைந்துகொண்டிருந்தாலும் உடலின் சொந்த எதிர்ப்பாற்றல் கட்டுமீறிப் போய் நுரையீரலையும் ரத்தக்குழாய்களின் உட்சுவரையும் தாக்குகிறது. அதனால்தான் 6ஆம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது என்று குடும்பம் நிம்மதி அடையும் அதே வேளையில் மூச்சு எண்ணிக்கை மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கிலிருந்து விலகினால் அதுவும் ஒரு தகவல்தான். 2ஆம் நாளே ஒருவர் மூச்சுத்திணறலோடு வந்தால் கொரோனா நிமோனியா என்று உடனே முடிவுகட்டக் கூடாது. இதயச் செயலிழப்பு, பழைய நுரையீரல் நோயின் திடீர்க் கிளர்ச்சி, பாக்டீரியா நிமோனியா, நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி ஆகியவற்றைத் தேட வேண்டும். உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோரிடம் இந்த நாட்காட்டி பொருந்தாது. அவர்களிடம் வைரஸ் வாரக்கணக்கில் பெருகிக்கொண்டே இருக்கலாம். ஒமைக்ரான் வந்தபிறகு ஐசியூவுக்கு வரும் கொரோனா நோயாளிகளில் இவர்களின் பங்கு கூடிவிட்டது.

எப்போது "தீவிரம்" என்கிறோம்

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுக்காமல் ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு விட்டாலோ, மூச்சுவிடக் கடுமையாகப் போராடினாலோ அது தீவிர நோய். ஏஆர்டிஎஸ், அதிர்ச்சி நிலை (ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகளுக்கு ரத்தம் எட்டாமை), வெண்டிலேட்டர் தேவை என்று வந்துவிட்டால் அது உயிராபத்துக் கட்டம். பல வழிகாட்டுதல்கள் 94 சதவீதத்துக்குக் கீழே போனாலே தீவிரம் என்று எடுத்துக்கொள்கின்றன. 90க்கும் 94க்கும் நடுவே இருப்பவரை மணிக்கணக்கில் கவனித்து, எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதே சரி. ஒரே ஒரு தடவை எடுத்த அளவை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

மூச்சுத்திணறல் இல்லாத ஆக்சிஜன் பற்றாக்குறை

இந்த நோயில் எல்லோரையும் திகைக்கவைத்தது இதுதான். செறிவு 80 என்று காட்டும். ஆனால் நோயாளி சாய்ந்து உட்கார்ந்து அலைபேசியில் பேசிக்கொண்டிருப்பார். மர்மம் ஒன்றும் இல்லை. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வை நமக்குத் தருவது பெரும்பாலும் ரத்தத்தில் ஏறும் கார்பன் டை ஆக்சைடும், விரிய மறுக்கும் விறைத்த நுரையீரலும்தான். ஆக்சிஜன் குறைவு அந்த உணர்வைத் தூண்டுவது அவ்வளவு வலுவாக இல்லை. தொடக்கத்தில் கொரோனா நுரையீரல் பலரிடம் இன்னும் மிருதுவாகவே இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு எளிதாக வெளியேறிவிடுகிறது. வேகமாக மூச்சு விடுவதால் அதன் அளவு இயல்பை விடக் குறைந்தும் போகிறது. இன்னொரு பக்கம், காற்றே போகாத நுண்ணறைகளைச் சுற்றி ரத்தம் ஓடித் திரும்புவதால் ஆக்சிஜன் ஏறாத ரத்தம் உடலுக்குப் போகிறது. மூளைக்கு அபாயமணி அடிக்கவேண்டிய இரண்டு சமிக்ஞைகளும் மௌனமாக இருக்கின்றன.

இதில் ஒரு பொறியும் உண்டு. வேகமாக மூச்சு விட்டு ரத்தம் காரத்தன்மை அடையும்போது ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஆகவே ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் இறங்கியபின்னும் செறிவை அளக்கும் விரல் கருவி (பல்ஸ் ஆக்சிமீட்டர்) கொஞ்சம் நல்ல எண்ணையே காட்டும். கருவியின் பிழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: குளிர்ந்த விரல், நகப்பூச்சு, குறைந்த ரத்த அழுத்தம், கருமையான தோல். 2020இல் அமெரிக்க நோயாளிகளிடம் செய்த ஒப்பீட்டில், விரல் கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளையில் உண்மைச் செறிவு 88க்குக் கீழே இருந்தது கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். எண்ணும் ஆளும் ஒத்துப்போகாதபோது தமனி ரத்தம் எடுத்துச் சோதித்துவிடுவதே ஒரே வழி.

அப்படியானால் எதை நம்புவது? மூச்சு எண்ணிக்கையை. முழு ஒரு நிமிடம், நெஞ்சைப் பார்த்து, கையால் எண்ண வேண்டும். மானிட்டர் காட்டும் மூச்சு எண்ணிக்கை நோயாளி அசைந்தாலே தப்பாகிவிடும். 15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்குவதும் ஏமாற்றும். அத்துடன், ஒரே மூச்சில் முழு வாக்கியம் பேச முடிகிறதா, கழுத்துத் தசைகள் துருத்துகின்றனவா, மூச்சை இழுக்கும்போது வயிறு வெளியே வராமல் உள்ளே போகிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது உதரவிதானம் களைத்துவிட்டது என்பதற்கு அடையாளம். அதைக் கண்டபின் காத்திருப்பதற்கு நேரம் இல்லை.

குழாய் போடுவதா, பொறுப்பதா

மூக்கு வழியாக நிமிடத்துக்கு 30 முதல் 60 லிட்டர் வரை ஈரமூட்டிய ஆக்சிஜன் தரும் ஹைஃப்ளோ கருவியில் வைத்தபின், அது போதுமா என்று அறிய ராக்ஸ் குறியீடு உதவுகிறது. ஆக்சிஜன் செறிவை, கொடுக்கும் ஆக்சிஜனின் பின்ன அளவால் (60 சதவீதம் என்றால் 0.6) வகுத்து, வந்த விடையை மூச்சு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். செறிவு 92, கொடுப்பது 0.6, மூச்சு 30 என்றால் 92ஐ 0.6ஆல் வகுக்க 153. அதை 30ஆல் வகுக்க 5.1. கருவியில் வைத்து 2, 6, 12ஆம் மணிகளில் 4.88க்கு மேலே இருந்தால் குழாய், அதாவது மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தி வெண்டிலேட்டரில் இணைப்பது, தவிர்க்கப்பட வாய்ப்பு அதிகம். 12ஆம் மணியில் 3.85க்குக் கீழே இறங்கினால் தோல்வி நெருங்குகிறது. செறிவு 88, கொடுப்பது 0.9, மூச்சு 36 என்றிருப்பவருக்குக் கணக்குப் போட்டால் 2.7 வரும், பேசவே வேண்டாம்.

விழிப்போடு இருப்பவரைக் குப்புறப் படுக்கச் சொல்வது செலவில்லாத உதவி. 2021இல் வெளியான, 1,100க்கும் மேற்பட்ட ஹைஃப்ளோ நோயாளிகளைக் கொண்ட கூட்டு ஆய்வில், 28 நாட்களுக்குள் குழாய் தேவைப்பட்டவர்கள் அல்லது இறந்தவர்கள் குப்புறப் படுத்தோரில் 40 சதவீதம், மற்றவரில் 46 சதவீதம்.

2020 மார்ச் வாக்கில் எல்லோருக்கும் சீக்கிரமே குழாய் போட்டுவிட வேண்டும் என்ற வேகம் இருந்தது. பிறகு இயன்றவரை தள்ளிப்போட வேண்டும் என்று எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். என் கருத்தில் இரண்டுமே தவறு. கடுமையாக இழுத்து மூச்சு விடும் நோயாளி, அந்த இழுப்பாலேயே தன் நுரையீரலைக் கிழித்துக்கொள்ளக்கூடும். குழப்பம், தூக்கக் கலக்கம், கார்பன் டை ஆக்சைடு ஏறுதல், வயிறு எதிர்த்திசையில் அசைதல், வியர்த்து நனைதல் இவற்றில் ஏதேனும் வந்தபின் தள்ளிப்போடுவது பொறுமை ஆகாது. செறிவு எண் மட்டும் குறைவு, ஆள் நிதானமாக இருக்கிறார் என்றால் பொறுக்கலாம்.

குழாய் போடும் அந்த 5 நிமிடம் தனி ஆபத்து. நுரையீரலில் சேமிப்பு இல்லாததால் மூச்சு நின்றவுடன் செறிவு விநாடிகளில் சரியும். பல நாள் காய்ச்சலில் நீர் வற்றிய உடம்பு, மயக்க மருந்து, திடீரென நெஞ்சுக்குள் ஏறும் அழுத்தம் மூன்றும் சேர்ந்து ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளும். அதனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து முன்கூட்டியே ஊசிப் பம்பில் தயாராக இருக்க வேண்டும். விழுந்தபின் தேடக் கூடாது.

வெண்டிலேட்டரில் தெரியும் நுரையீரல்

தீவிரத்தை அளக்கப் பயன்படுவது பி/எஃப் விகிதம்: தமனி ரத்த ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் ஆக்சிஜனின் பின்னத்தால் வகுப்பது. அழுத்தம் 72, கொடுப்பது 0.6 என்றால் 120. பெர்லின் வரையறைப்படி 200 முதல் 300 வரை லேசான ஏஆர்டிஎஸ், 100 முதல் 200 வரை நடுத்தரம், 100க்குக் கீழே கடுமை. இத்தாலியின் லொம்பார்டி பகுதியில் முதல் அலையில் ஐசியூவில் சேர்ந்த 1,591 பேரின் பதிவு நல்ல சித்திரம் தருகிறது: 82 சதவீதம் ஆண்கள், நடுநிலை வயது 63, சுவாச ஆதரவு விவரம் கிடைத்தவர்களில் 88 சதவீதத்தினருக்கு வெண்டிலேட்டர், பி/எஃப் நடுநிலை 160.

2020இலேயே, இது வழக்கமான ஏஆர்டிஎஸ் அல்ல, நுரையீரல் மிருதுவாக இருப்பவர் ஒரு வகை, விறைத்தவர் ஒரு வகை என்று ஒரு கருத்து பலமாகப் பேசப்பட்டது. பின்னர் வந்த தரவுகளில் நோயாளிகள் அப்படி இரண்டு வகையாகப் பிரியவில்லை. விறைப்பு ஆளுக்கு ஆள் ஒரு தொடர்ச்சியாகவே பரவியிருந்தது. ஆகவே பழைய விதிகளே செல்லும்: மூச்சின் அளவு உடல் எடைக் கணக்கில் கிலோவுக்கு 6 மி.லி., மூச்சை உள்ளே செலுத்தி முடித்ததும் இருக்கும் நிலை அழுத்தம் 30க்குள், அதற்கும் பீப் அழுத்தத்துக்கும் (மூச்சு வெளியேறியபின்னும் நுரையீரலில் தக்கவைக்கும் அழுத்தம்) உள்ள வித்தியாசம் 15க்குள், ஆக்சிஜன் செறிவு இலக்கு 92 முதல் 96.

இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு, எடை. கட்டில் தராசு காட்டும் எடையை எடுக்கக் கூடாது. உயரத்திலிருந்து கணக்கிட வேண்டும். நுரையீரல் உயரத்துக்கு ஏற்பத்தான் வளர்கிறது, கொழுப்புக்கு ஏற்ப அல்ல. ஆணுக்கு, சென்டிமீட்டர் உயரத்தில் 152.4ஐக் கழித்து 0.91ஆல் பெருக்கி 50ஐக் கூட்டுங்கள், பெண்ணுக்கு 45.5ஐக் கூட்டுங்கள். 170 செ.மீ. உயரம், 95 கிலோ எடை உள்ள ஆணுக்குக் கணக்கு எடை 66 கிலோ, மூச்சு ஏறத்தாழ 400 மி.லி. தராசு எடையை வைத்தால் 570 மி.லி. வரும். நோயுற்ற நுரையீரலில் காற்று போகும் இடம் சுருங்கியிருக்கும்போது அந்தக் கூடுதல் 170 மி.லி. நல்ல பகுதியைத்தான் ஊதிக் கெடுக்கும்.

பி/எஃப் 150க்குக் கீழே தங்கிவிட்டால் குப்புறப் போடுவது, ஒரு சுற்றுக்கு 16 மணி நேரம். 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் கடும் ஏஆர்டிஎஸ் நோயாளிகளின் 28 நாள் இறப்பை இது 33 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தது. குப்புறப் போட்டும் ஆக்சிஜன் ஏறவில்லை என்று அரைமணியில் திருப்பிவிடுவது தவறு. நுரையீரலுக்குள் இழுவிசை சீராகப் பரவுவதில்தான் பெரும்பயன், அது ஆக்சிஜன் எண்ணில் தெரியாமலும் இருக்கலாம். திருப்புவதற்குக் குறைந்தது 4, 5 பேர் வேண்டும். தலைமாட்டில் குழாயைப் பிடித்திருப்பவர் சொல்லும்போதுதான் மற்றவர்கள் அசைய வேண்டும். கன்னம், நெற்றி, மார்பு, முழங்கால் புண்ணாகும். கண்ணை மூடி ஒட்டாவிட்டால் கருவிழி கீறும். கையை மேலே நீட்டியபடியே மணிக்கணக்கில் விட்டால் தோள் நரம்பு பாதிக்கும். 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை தலையையும் கையையும் மாற்றி வைக்க வேண்டும்.

சிடி ஸ்கேனில் இரு நுரையீரலிலும், ஓரங்களிலும் கீழ்ப்பகுதிகளிலும், பனி படிந்த கண்ணாடி போல மங்கல் தெரியும். நாள் செல்லச்செல்ல அது கெட்டிப்படும். 25க்கு இத்தனை என்று வரும் ஸ்கேன் மதிப்பெண்ணைக் குடும்பங்கள் பரீட்சை மார்க் போல் பார்க்கின்றன. ஐசியூ முடிவுகளை அது தீர்மானிப்பதில்லை.

ரத்தப் பரிசோதனைகள்

லிம்போசைட் என்னும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் மைக்ரோலிட்டருக்கு 800க்குக் கீழே. அழற்சியைக் காட்டும் சிஆர்பி பெரும்பாலும் லிட்டருக்கு 100 மி.கி.க்கு மேல், அழற்சி, திசுச் சேதம், ரத்த உறைவு ஆகியவற்றைக் காட்டும் ஃபெரிட்டின், எல்டிஹெச், டி-டைமர் எல்லாம் உயர்வு. இதயத் தசை சேதமானால் வெளிவரும் டிரோபோனின் உயர்ந்தால் இதயமும் அடிபட்டிருக்கிறது, போக்கு மோசம். அழற்சிச் சமிக்ஞைப் புரதங்கள் (சைட்டோகைன்கள்) கட்டுமீறிப் பொங்குவதைக் குறிக்கும் "சைட்டோகைன் புயல்" என்ற சொல் மிகைப்படுத்திவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்: கொரோனாவில் அவற்றில் ஒன்றான இன்டர்லூக்கின்-6 உயர்கிறது, ஆனால் மற்றக் காரணங்களால் வரும் கடும் ஏஆர்டிஎஸ், செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழத்தல்) நோய்களில் காணும் அளவை விடப் பொதுவாகக் குறைவுதான்.

தனி எண் முக்கியமல்ல, வளைவு முக்கியம். அதையும் மருந்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஸ்டீராய்டு தொடங்கியதும் வெள்ளணுக்கள் தாமாகவே ஏறும், அது தொற்று ஆகாது. இன்டர்லூக்கின்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் ஊசி போட்டபின் சிஆர்பி விழுந்துவிடும், காய்ச்சலும் வராது. அந்த மறைவில் பாக்டீரியாத் தொற்று வளர்ந்தாலும் தெரியாது. சேரும்போது, பாக்டீரியாத் தொற்றில் உயரும் புரோகால்சிடோனின் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும், பாக்டீரியா இணைத்தொற்றும் அரிது. முதல் நாளே ஆன்டிபயாட்டிக் அடுக்குவதில் பயனில்லை.

இரண்டாம் வாரத்துக்கு மேல்: கொல்வது பெரும்பாலும் சிக்கல்கள்

ரத்தக்கட்டியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் தவறவிடப்படுவது அதுதான். நெதர்லாந்தில் 184 ஐசியூ நோயாளிகளின் ஆரம்பகால ஆய்வில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து போட்டும் 31 சதவீதத்தினரிடம் ரத்தக்கட்டிச் சிக்கல்கள் காணப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை நுரையீரல் தமனியில். எக்ஸ்ரே நேற்று போலவே இருக்க, ஆக்சிஜன் தேவை மட்டும் திடீரென ஏறினால், நாடி வேகமெடுத்தால், வெளிமூச்சில் அளக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் தமனி ரத்த அளவுக்கும் உள்ள இடைவெளி வழக்கமான 2 முதல் 5 மி.மீ. பாதரசத்தைத் தாண்டி விரிந்தால், கட்டியை நினையுங்கள். டயாலிசிஸ் வடிகட்டி திரும்பத் திரும்ப அடைத்துக்கொள்வதும் ஓர் அடையாளம். அதற்காக எல்லோருக்கும் ரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரினை முழு அளவில் ஏற்றுவது விடையாகாது: 2021இல் வெளியான பெரும் சோதனைகளில், ஐசியூ கட்டத்தில் இருப்பவர்களுக்கு முழு அளவு பலன் தரவில்லை, ரத்தக்கசிவு மட்டும் கூடியது. தடுப்பு அளவு எல்லோருக்கும், முழு அளவு கட்டி உறுதியானவருக்கு.

அடுத்தது சிறுநீரகம். வெண்டிலேட்டர் நோயாளிகளிடம் சிறுநீர் குறைவதும் கிரியாட்டினின் ஏறுவதும் சகஜம். கணிசமானோருக்கு டயாலிசிஸ் தேவைப்படுகிறது. நுரையீரலைக் காக்கத் தண்ணீரை இறுக்கினால் சிறுநீரகம் காய்கிறது, சிறுநீரகத்துக்குத் தண்ணீர் விட்டால் நுரையீரல் நனைகிறது. தினமும் உள்ளே போனது, வெளியே வந்தது கணக்கை எழுதி, காலையில் ஒருமுறை முடிவெடுப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

வெண்டிலேட்டரில் ஒரு வாரம் தாண்டியவருக்குப் புதுக் காய்ச்சல், சளி நிறம் மாறுதல், ரத்த அழுத்தம் இறங்குதல் வந்தால் அது கொரோனாவின் தொடர்ச்சி என்று விடக் கூடாது. குழாய்வழி நிமோனியாவைத் தேட வேண்டும், ஸ்டீராய்டு எடுப்பவரிடம் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையையும். 2021இல் இந்தியாவின் டெல்டா அலையில் பரவிய மியூக்கர் பூஞ்சை, கட்டுப்பாடற்ற சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பில்தான் அதிகம் வந்தது. முகத்தில் ஒருபக்கம் வீக்கம் அல்லது மரத்துப்போதல், மூக்கில் கறுப்புப் பொருக்கு, கண் பிதுங்குதல் இருந்தால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரை அழைக்க வேண்டும். ரத்தச் சர்க்கரையை 140க்கும் 180க்கும் இடையே இன்சுலினால் பிடித்துவைப்பது இங்கே உயிர்காக்கும் வேலை.

அழுத்தம் தாங்காமல் நுரையீரல் ஓட்டை விழுவதும் கொரோனாவில் கூடுதல். கழுத்தைத் தொட்டால் தோலுக்கடியில் நறநற என்று காற்று நெரியும். திடீரென ரத்த அழுத்தம் சரிந்து ஒருபக்க மூச்சொலி மறைந்தால் எக்ஸ்ரேவுக்குக் காத்திராமல் நெஞ்சிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும்.

மருந்துகள், சுருக்கமாக

பிரிட்டனின் ரெக்கவரி சோதனை 2020 ஜூனில் முடிவு சொன்னது: டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தினம் 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள். வெண்டிலேட்டரில் இருந்தோரின் இறப்பு 41.4இலிருந்து 29.3 சதவீதமானது, ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டோரில் 26.2இலிருந்து 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை, கெடுதலின் சாயலே தெரிந்தது. நாள் கணக்கின் அருமை இங்கே மீண்டும் தெரிகிறது: வைரஸ் பெருகும் 3ஆம் நாளில் வீட்டில் விழுங்கும் ஸ்டீராய்டு உதவாது. நிலை மோசமாகிக்கொண்டே போகிறவருக்கு டோசிலிசுமாப் அல்லது அழற்சியை அடக்கும் இன்னொரு மருந்தான பாரிசிட்டினிப் சேர்க்கப்படுகிறது.

விழித்தெழும் கட்டம்

மயக்க மருந்தை நிறுத்தியபின்னும் பல நாள் கண் திறக்காமல் இருப்பது கொரோனா நோயாளிகளிடம் பரவலாகக் காணப்பட்டது. அதை மூளைச்சாவு என்று அஞ்சி அவசரப்படக் கூடாது. 14 நாடுகளில் 2,088 நோயாளிகளைப் பார்த்த ஆய்வில் 55 சதவீதத்தினருக்கு டெலிரியம் என்னும் மனக்குழப்பம் வந்தது. மிடசோலம் வகை உறக்க மருந்துகளின் தொடர் சொட்டு அதன் அபாயத்தைக் கூட்டியது. குடும்பத்தார் நேரிலோ வீடியோவிலோ வந்து பேசியது குறைத்தது. தொற்றுக் கட்டுப்பாடு என்ற பெயரில் குடும்பத்தை முழுவதுமாக வெளியே நிறுத்தியதற்கு நோயாளிகள் கொடுத்த விலை இது. வீடியோ அழைப்பை நர்ஸின் அட்டவணையில் மருந்து போலவே எழுதிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கண் திறந்தவர் கையைத் தூக்க முடியாமல் கிடப்பார். நீண்ட படுக்கையும் ஸ்டீராய்டும் தசைதளர்த்தி மருந்துகளும் சேர்ந்த தசைநலிவு அது. இரு பக்கமும் சமமாக, தோளும் இடுப்பும் பலவீனமாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் செயலற்றிருந்தால் அது பக்கவாதம், உடனே ஸ்கேன் வேண்டும். குழாயை எடுக்கும் முன் இருமல் பலம், சளியின் அளவு, சொல்வதைப் புரிந்து செய்கிறாரா என்ற மூன்றையும் பாருங்கள். ஆக்சிஜன் எண் நன்றாக இருந்தும் இருமத் தெம்பில்லாமல் மறுபடி குழாய் போட நேர்கிறவர்கள் நிறைய. எடுத்த முதல் 48 மணி நேரம் கண்காணிப்பு தளரக் கூடாது. தொண்டை மரத்திருக்கும், விழுங்குதல் ஒத்திசையாது. தாகம் என்று கேட்பார். ஆனாலும் விழுங்கும் சோதனை செய்யும்வரை ஈரப் பஞ்சால் உதடு நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு வாய்த் தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் மூன்று வார உழைப்பு அந்த மாலையிலேயே வீணாகிவிடும்.